சும்மா பார்க்க ஓர் இடம்

“வலி.”

காலையில் அந்தச் சொல் வரும். மதியம் வரும். அக்கா குளிக்கப் போனால் வரும், குளித்து முடித்துத் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தால் அப்போதும் வரும். ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. அடுத்த நிறுத்தத்தின் பெயரை அறிவிக்கும் டவுன் பஸ் குரலைப் போல, யாருக்கோ என்னவோ என்று அது வரும்.

“வலி.”

சொன்னது மனித வாய் அல்ல. கட்டிலின் கால்மாட்டில், வளைந்த இரும்புக் கை ஒன்றில் மாட்டியிருந்த திரை. அதைச் சொல்ல வைத்தவை, அந்தக் கட்டிலில் அசையாமல் கிடந்த ஒரு மனிதரின் கண்கள்.

அந்த மனிதருக்கு ஒரு காலத்தில் ‘ரேடியோ’ என்று பட்டப்பெயர். பஸ் கண்டக்டர். வாய் ஓயாது. “உள்ளே போங்க, உள்ளே போங்க, பஸ்ஸோட பின்பக்கமும் அதே ஊருக்குத்தான் போகுது!” என்பார். பஸ்களில் நிறுத்தங்களை அறிவிக்கும் பதிவுக்குரல் வந்தபோது, மற்ற கண்டக்டர்கள் அப்பாடா என்று ஓய்ந்தார்கள். இவர் அதனோடு போட்டிக்கு நின்றார். “அடுத்த நிறுத்தம், மருத்துவமனை” என்று அது சொன்னால், “உடம்பு நல்லா இருக்கறவங்க தயவுசெஞ்சு இறங்க வேணாம்!” என்று இவர் முடிப்பார். பஸ்ஸே சிரிக்கும்.

சிரிக்காமல் உட்கார்ந்திருந்த ஒரே பயணி, பாட்டில் தொழிற்சாலைக்குப் போகும் ஒரு பெண். அவள் எதற்கும் சிரிக்கவில்லை. மாதக்கணக்கில் முயன்று தோற்றார் ரேடியோ. ஒருநாள் சளி பிடித்துத் தொண்டை அடைத்துக்கொண்டது. குரலே இல்லாமல், கையாலும் புருவத்தாலும் மிரட்டிக் கூட்டத்தை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தவரைப் பார்த்து அவள் பக்கென்று சிரித்துவிட்டாள். அடுத்த வருடம் அவருக்கு மனைவியானாள்.

அவளுடைய வேலை பார்ப்பது. வேறொன்றும் இல்லை, பார்ப்பதுதான். வெளிச்சமான வெள்ளைப் பலகையின் முன்னால் கண்ணாடிப் பாட்டில்கள் வரிசையாக நகர்ந்து போகும். தூசி, கீறல், குமிழி என்று ஏதாவது தெரிந்தால் எடுத்துத் தனியே வைக்க வேண்டும். உடன் வேலை செய்பவர்கள் அவளைக் ‘கழுகு’ என்பார்கள். பாட்டிலில் ஒரு மயிரிழை விரிசல் இருந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. அப்படிப்பட்டவளின் கண்ணுக்கு முன்னால்தான் அந்த விபரீதம் நடந்தது.

ஒரு காலை, டியூட்டிக்குக் கிளம்பி ஷூ லேஸ் கட்டக் குனிந்தவர், நிமிரவில்லை.

மூளைத் தண்டில் ரத்தம் அடைத்துக்கொண்டது என்றார் டாக்டர். “அறிவு முழுசா இருக்கும்மா. கேக்குது, புரியுது. தொட்டா தெரியும், வலிச்சாலும் தெரியும். ஆனா கண்ணைத் தவிர வேற எதுவும் அசையாது.” ஊரையே சிரிக்க வைத்த அந்த வாய், ஓரத்தில் எச்சில் வழியத் திறந்தபடி கிடந்தது. விதி ஒரு மனிதனிடம் எதை எடுத்தால் அதிகம் நோகும் என்று பார்த்து எடுக்குமோ என்னவோ!

பார்த்துக்கொள்ள அவருடைய அக்கா வந்து சேர்ந்தாள். கணவனை இழந்தவள், பிள்ளைகள் இல்லை. தம்பியைத் தூக்கி வளர்த்தவள். மனைவி வேலைக்குப் போனால்தான் வீடு ஓடும் என்பதால், பகல் முழுக்க அக்கா, மாலையில் மனைவி என்று ஆயிற்று. குழாய் வழியாக உணவு, முதுகு புண்ணாகாமல் புரட்டிப் படுக்க வைப்பது, துடைப்பது, மாற்றுவது. கை இரண்டும் ஓயாத வேலை. ஆனால் அவர் என்ன நினைக்கிறார் என்று தெரியாத அந்த மௌனம்தான் இருவரையும் தின்றது.

அப்போதுதான் கண்பலகை வந்தது. மருத்துவமனை மூலமாக ஓர் இளம்பெண் கொண்டுவந்து மாட்டினாள்.

“அண்ணனோட கண்ணு எந்தக் கட்டத்துல கொஞ்ச நேரம் நிக்குதோ, அந்தக் கட்டத்தை விரலால அழுத்தின மாதிரி கணக்கு. அதுல என்ன எழுதியிருக்கோ அதைச் சத்தமா சொல்லிடும். கீழ இருக்கற இந்தக் குட்டிக் கேமரா, அவர் எங்க பாக்கறார்னு கண்டுபிடிச்சுக்கும்.”

“கண்ணாலயே அழுத்தறதா?” என்றாள் மனைவி.

“இவன் சின்ன வயசுலயே கண்ணால பாத்தே காரியம் சாதிச்சுக்குவான்” என்றாள் அக்கா. “பக்கத்து வீட்டு மிட்டாய் டப்பாவை இவன் பாக்கற பார்வையிலேயே அந்தம்மா எடுத்துக் குடுத்துடுவா.”

திரையில் ஒரு சிவப்புப் புள்ளி மெல்ல மெல்ல மூலைக்கு மூலை நகர்ந்தது. அவருடைய கண்கள் அதன் பின்னாலேயே போயின. அதைச் செய்து முடிப்பதற்குள், கல் சுமந்தவர் போல நெற்றி முழுக்க வியர்வை.

“எந்த வார்த்தை எங்க வேணும்னு நீங்களே சொல்லுங்கக்கா” என்றாள் அந்தப் பெண்.

மனைவி யோசிக்கவே இல்லை. “வலி மேல இருக்கட்டும். வலது மூலையில, ஓரமா. வலிக்கறப்போ தேடிக்கிட்டு இருக்கக் கூடாது பாரும்மா. டக்குன்னு கண்ணு போகணும்.”

“நல்ல யோசனைக்கா.”

மேல் வரிசையில் வலது மூலையில் ‘வலி’. அதற்கு இடப்பக்கம் ‘பாட்டு’, பிறகு ‘குளிர்’, இடது ஓரத்தில் ‘தண்ணி’. கீழ் வரிசையில் ‘ஆமா’, ‘இல்லை’, ‘துடைக்கணும்’. எழுத்து எழுத்தாகச் சேர்த்துச் சொந்தமாகப் பேச வேறொரு பக்கமும் இருந்தது. அதற்குக் கண் நன்றாகப் பழக வேண்டும், பிறகு பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனாள் அந்தப் பெண்.

முதல் நாள் அவர் சொன்ன முதல் சொல் ‘பாட்டு’. அக்கா வாய்விட்டு அழுதாள். மனைவி பாட்டுப் போட ஓடினாள். ஆனால் அவளுக்குள் ஒரு கூச்சம் இருந்தது. பேசுவது அவர்தான், சரி. குரல் யாருடையதோ! கால்மாட்டிலிருந்து யாரோ ஓர் அந்நிய ஆண் பேசுகிறான். தலைமாட்டில் தன் கணவர் கிடக்கிறார். குரல் ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். அதுவும் எந்தக் குரல்? அவர் தினம் தினம் கேலி செய்த அதே பஸ் அறிவிப்புக் குரலின் அண்ணன் தம்பி போல ஒன்று. அது பேசும்போது திரையைப் பார்க்காமல் அவர் கண்களையே பார்க்கப் பழகிக்கொண்டாள். காது கேட்பதைக் கண்ணால் கணவருடையதாக மாற்றிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் இடப்பக்கத்து ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். “தண்ணி” என்று கேட்டுக்கொண்டே இருப்பார். அவள் ஈரத்துணியால் உதட்டை நனைத்துக்கொண்டே இருப்பாள். “போதும்டி, உதடு ஊறிப்போயிடும். விட்டா குளத்துலயே இறக்கிடுவே போல” என்பாள் அக்கா.

அந்தச் சந்தோஷம் நீடிக்கவில்லை.

“வலி” என்று ஆரம்பித்தது. பகலில்தான். மனைவி தொழிற்சாலையில் இருக்கும் நேரம் முழுக்க. அக்கா புரட்டிப் போட்டாள், காலை நீவினாள், தலையணையை மாற்றினாள். நிற்கவில்லை. மாலையில் களைத்து வரும் மனைவியை வாசலிலேயே பிடித்துக்கொள்வாள்.

“நீ பாட்டுக்குப் போயிடறே. இங்க நான் ஒருத்தி கேட்டுக்கிட்டுக் கிடக்கறேன். வலி, வலி, வலி! என் தம்பி இவ்வளவு வருஷத்துல ஒரு ஊசிக்குக் கூட ‘ஆ’ன்னு சொன்னதில்லை தெரியுமா?”

“மருந்து குடுத்தீங்களா அண்ணி?”

“குடுக்காம? குடுத்துத்தான் இப்போ தூங்கறான்.”

உள்ளே போனால் அவர் தூங்கிக்கொண்டிருப்பார். டாக்டர் மருந்தைக் கூட்டினார். மறுபடி கூட்டினார். தூக்கம்தான் கூடியது. விழித்திருக்கும் கொஞ்ச நேரத்திலும் கண்கள் மேலே சொருகின. எழுத்துப் பக்கம் பழகுவது என்பது கனவாகப் போனது.

ஒரு ஞாயிறு, மனைவி அவர் முகத்தருகே குனிந்து கேட்டாள். “என்னங்க, வலிக்குதா? நெஜத்தைச் சொல்லுங்க.”

“இல்லை” என்றது திரை.

“பாத்தீங்களா அண்ணி?”

“உன்னைப் பாத்தா இல்லைன்னுதான் சொல்லுவான்” என்றாள் அக்கா, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு. “நீ அழுவேன்னு மறைக்கறான். நாளைக்குக் காலையில நீ அந்தப் பக்கம் போனதும் பாரு. அவனை எனக்குத் தெரியாதா?”

அந்தச் சொல் மனைவியின் நெஞ்சில் ஆணியாக இறங்கியது. மறைக்கிறாரா? என்னிடமா?

டாக்டர் நல்லவர்தான். கடைசியாக வந்தபோது உட்கார்ந்து பொறுமையாகப் பேசினார்.

“தோலுக்கு அடியில சின்ன பம்பு ஒண்ணு வைக்கலாம்மா. மருந்து சொட்டுச் சொட்டா இறங்கிக்கிட்டே இருக்கும். வலி தெரியாது. ஆனா பெரும்பாலும் தூக்கத்துலயே இருப்பார்.”

“கண்ணு?”

“திறந்திருக்கற நேரம் ரொம்பக் குறைஞ்சிடும்.”

“டாக்டர், அவர்கிட்ட மிச்சம் இருக்கறதே அந்தக் கண்ணு ஒண்ணுதான்.”

“தெரியும்மா. ஆனா ஒருத்தர் வலிக்குதுன்னு தானே சொல்றப்போ, இல்லைன்னு சொல்ல எனக்கு உரிமை இல்லை. வெள்ளிக்கிழமை அழைச்சுக்கிட்டு வாங்க. அதுக்குள்ள முடிவு பண்ணுங்க.”

அந்த வாரம் அவள் கையிலிருந்து கீறல் பாட்டில்கள் தப்பிப் போயின. பக்கத்து இருக்கைக்காரி முழங்கையால் இடித்தாள். “என்ன கழுகு, கிளியாயிட்டே?” வெள்ளைப் பலகையில் பாட்டில்கள் நகர்ந்தன. சம்மதம் என்று சொன்னால் அவரை உயிரோடு இருட்டில் தள்ளுகிறாள். முடியாது என்று சொன்னால் அவரை வலியில் துடிக்க விடுகிறாள். எந்தப் பெண்ணுக்கும் இப்படி ஒரு தராசு கையில் வரக்கூடாது!

புதன்கிழமை தொழிற்சாலையில் கொதிகலன் பழுதாகி, மதியத்தோடு எல்லோரையும் அனுப்பிவிட்டார்கள்.

அவள் வீட்டுக்குள் நுழையும்போதே “வலி” என்று கேட்டது. அக்கா பின்கட்டில் துணி அலசிக்கொண்டிருந்தாள். மதிய மருந்துக்கு இன்னும் நேரம் ஆகவில்லை போலும். அவர் அறையின் வாசலுக்கு வந்து, கதவு நிலையைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். உள்ளே போகத் தைரியம் வரவில்லை. அவர் விழித்திருந்தார். அவளைப் பார்த்தார்.

“வலி.”

“வலி.”

அவளுக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. கட்டிலைச் சுற்றிக்கொண்டு தன் நாற்காலியை நோக்கி, சுவரோரமாக மெல்ல நடந்தாள். இரண்டடி வைத்துவிட்டுக் கண்ணைத் துடைக்க நின்றாள்.

“பாட்டு” என்றது திரை.

போடலாம் என்று திரும்பியவள், மேஜையருகே நின்று பாட்டுப்பெட்டியைத் தேடினாள்.

“குளிர்.”

போர்வை எடுக்க ஜன்னல் பக்கம் போனாள்.

“தண்ணி.”

போர்வையைப் பிடித்த கை அப்படியே நின்றுவிட்டது. திரும்பி அவரைப் பார்த்தாள். அவர் திரையைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை நாளும் அவள் பார்த்தது சொல் வந்த பிறகு அந்தக் கண்களைத்தான். சொல் வருவதற்கு முன்னால் அவை எங்கே இருந்தன என்று பார்த்ததே இல்லை.

போர்வையைக் கீழே போட்டாள். சுவரோரமாகத் திரும்பி நடந்தாள். மேஜையருகே நின்றாள்.

“குளிர்.”

இன்னும் நகர்ந்து நின்றாள்.

“பாட்டு.”

வாசலுக்குப் போய் நின்றாள். கேட்கக்கூடாது என்றும் தோன்றியது, கேட்க வேண்டும் என்றும் தோன்றியது.

“வலி” என்றது திரை.

அவள் வாசற்படியிலேயே சரிந்து உட்கார்ந்தாள். வாயில் புடவைத் தலைப்பை அடைத்துக்கொண்டும் சத்தம் வெளியே வந்துவிட்டது. அக்கா ஈரக்கையோடு ஓடிவந்தாள்.

“என்னாச்சு? அவனுக்கு என்ன?”

“அண்ணி, அவருக்கு வலி இல்லை. நான் எப்ப வருவேன்னு பாத்துக்கிட்டுக் கிடந்திருக்கார். பகல் பூரா இந்த வாசலையே பாத்துக்கிட்டு! அந்தக் கட்டம் வாசலுக்கு நேரா இருக்கு அண்ணி. நான்தான் அங்க வைக்கச் சொன்னேன்.”

“உளறாதே. அவன் சொல்றதை என் காதால கேட்டேன்.”

“நீங்க கேட்டது மிஷினை. அவர் ஒண்ணுமே சொல்லலை. பாத்தார், அவ்வளவுதான்.”

அக்கா நம்பவில்லை. நம்பினால் அவளுக்கு எவ்வளவு பெரிய பாரம்! தம்பி வாசலைப் பார்த்த ஒவ்வொரு முறையும் மருந்தை எடுத்துக்கொண்டு ஓடியவள் அவள்தானே. “வெள்ளிக்கிழமை பம்பு வேணாம்னு சொல்றதுக்கு ஒரு காரணம் கண்டுபிடிச்சிட்டே” என்றாள் வறண்ட குரலில்.

மனைவி வாதாடவில்லை. எழுந்து அக்காவின் தோளைப் பிடித்துத் தன் இடத்தில், அதே வாசலில் நிறுத்தினாள். தான் ஜன்னலோரம் போய் நின்றாள். அவர் கண்கள் மனைவியோடு போயின.

“தண்ணி.”

“இப்போ நீங்க அவரைக் கூப்பிடுங்க அண்ணி.”

அக்கா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். “தம்பி” என்றாள். அவரைத் தூக்கி வளர்த்த நாளிலிருந்து கூப்பிட்ட அதே குரலில். “தம்பி, இங்க பாருடா.”

அவர் பார்த்தார். அன்பாகத்தான் பார்த்தார்.

“வலி” என்றது திரை.

அக்கா இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டு சுவரோடு சாய்ந்தாள்.

மறுநாள் கண்பலகைப் பெண் வந்தாள். கட்டிலருகே தரையில் மண்டியிட்டு, அவர் தலையின் உயரத்திலிருந்து தானே பார்த்தாள். திரையின் வலது மேல் மூலைக்குச் சற்று அப்பால் கதவு தெரிந்தது. “திரைக்கு வெளியே கொஞ்சம் தள்ளிப் பாத்தாலும் ஓரத்துக் கட்டத்தைப் பாத்ததாத்தான் எடுத்துக்கும்க்கா” என்றாள். “இதை நான் அன்னிக்கே உக்காந்து பாத்திருக்கணும்.”

“நாம மூணு பேருமே அவர் கண்ணையே பாத்தோம். அது எங்க பாக்குதுன்னு பாக்கலை” என்றாள் மனைவி.

“கட்டத்தையெல்லாம் இடம் மாத்திடறேன். அந்த மூலைக்கு என்ன வார்த்தை போடட்டும்? உங்க பேரைப் போட்டுடட்டுமா? பாக்கறப்போ எல்லாம் உங்களைக் கூப்பிடற மாதிரி இருக்கும்.”

மனைவி கணவரைப் பார்த்தாள். எவ்வளவு ஆசையாக இருந்தது! நாள் முழுக்கத் தன் பெயரைச் சொல்லும் ஒரு குரல் என்றால் எந்தப் பெண் வேண்டாம் என்பாள்? ஆனால் அவள் வேலையே பார்ப்பதுதான். பார்க்கும்போதெல்லாம் ஏதாவது ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும் என்றால் அது எவ்வளவு பெரிய தண்டனை என்று அவளுக்குப் புரிந்தது. கண்ணைத் திறந்தால் பேச்சு. ஜன்னலைப் பார்த்தால் ஒரு வேண்டுதல், மனைவியைப் பார்த்தால் ஒரு முறையீடு. மூடினால் மட்டுமே அமைதி.

“ஒண்ணும் போட வேணாம்மா” என்றாள். “அந்த மூலை காலியா இருக்கட்டும். ஜன்னல் பக்கமும் ஒண்ணு காலியா விடு. மனுஷன் சும்மா பாக்கவும் ஒரு இடம் வேணும் இல்லையா?”

வெள்ளிக்கிழமை டாக்டர் எல்லாவற்றையும் கேட்டார். கேள்விமேல் கேள்வி கேட்டார். “பம்பை ஒத்திவைப்போம். மருந்தைப் படிப்படியா குறைச்சுப் பாக்கலாம். ஆனா நெஜமாவே வலி இருந்தா, அது அவருக்குத்தான் கஷ்டம். அவர் என்ன சொல்றார்னு கவனிச்சுக்கிட்டே இருக்கணும்.”

வீடு அமைதியாயிற்று. அந்த அமைதியை முதலில் அக்காவால் தாங்க முடியவில்லை. அடிக்கடி வந்து எட்டிப் பார்ப்பாள். அவர் விழித்தபடி வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார். திரை ஒன்றும் சொல்லாது. “பொண்டாட்டி சாயங்காலம்தான் வருவா. அதுவரைக்கும் இந்தக் கிழவி மூஞ்சியைப் பாரு” என்று சொல்லிவிட்டு, அந்த வாசலிலேயே முக்காலி போட்டு உட்கார்ந்துகொள்வாள். தூக்கம் தெளியத் தெளிய அவர் எழுத்துப் பக்கத்தையும் தொட்டார். வெகுநேரம் பாடுபட்டு அவர் சேர்த்த முதல் வாக்கியம் அக்காவுக்குத்தான். “அழாதே அக்கா.” அவள் அன்று முழுக்க அழுதாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், இரண்டு பெண்களும் அந்த அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தார்கள்.

“வலி” என்றது திரை.

இருவர் கையிலும் துணி அப்படியே நின்றது. அந்தச் சொல் இப்போது கீழ் வரிசையில், நடுவில் இருந்தது. தேடிப் போனால் ஒழியக் கண் அங்கே விழாது. மனைவி அதன் நேர் எதிரே எட்டிப் பார்த்தாள். வெறும் சுவர். அங்கே பார்க்க எதுவும் இல்லை, யாரும் இல்லை.

“நெஜமாவா?”

“ஆமா.”

“எங்கங்க?”

அவர் கண்கள் எழுத்துப் பக்கத்துக்குப் போய், எழுத்து எழுத்தாக மெல்ல நகர்ந்தன. “முதுகு.”

இருவரும் சேர்ந்து அவரைப் பக்கவாட்டில் புரட்டினார்கள். தோள்பட்டைக்குக் கீழே, சதையில் பதிந்து கிடந்தது ஒரு கொண்டை ஊசி. குனிந்து துடைத்தபோது அக்காவின் தலையிலிருந்து நழுவியிருக்க வேண்டும்.

“ஐயோ, இது என்னோடது!” அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். “காலையிலேருந்து தேடறேன், இவன் முதுகுல படுத்துக் கிடந்திருக்கு! கொஞ்சம் முன்னாடியே சொல்லக் கூடாதாடா பாவி?”

மனைவி அந்தச் சிவந்த தடத்தின் மேல் உள்ளங்கையை வைத்து மெதுவாக, மிக மெதுவாகத் தேய்த்தாள். அவளுக்குக் கண்ணீர் வழிந்தது. அவருக்கு வலித்ததற்காக அழுகிறாளா, வலித்ததை அவர் சொல்ல முடிந்ததற்காக அழுகிறாளா என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. அவரை மறுபடி மல்லாந்து படுக்க வைத்தார்கள். தலையணையைச் சரிசெய்துவிட்டு, இந்த முறை கேட்டவள் அக்கா.

“இப்போ வலிக்குதாடா?”

அவர் அவளைப் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார்.

“இல்லை.”

அக்கா மருந்துப் பெட்டியின் பக்கம் திரும்பவில்லை. ஊசியைத் தலையில் செருகிக்கொண்டு, தரையில் உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து துணியை மடிக்கத் தொடங்கினாள்.